மிலிகாவின் நாற்காலிகள்

வெந்த சூரைமீனின் தோலை உரிக்கும்போது கத்தியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் வெள்ளைச் சதையும் சேர்ந்து வந்துவிடும். பின்னால் நிற்கிற மேஸ்திரி தொண்டையைக் கனைப்பார். லித்தியானா வயிற்றில் சேலாவைச் சுமந்துகொண்டு எட்டாம் மாதம்வரை இந்த மேசை முன்னால்தான் நின்றாள். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டதற்கு, உட்கார்ந்தால் கைவேகம் குறையும் என்றார்கள். கடைசியில் சேலாவே அவசரப்பட்டு வெளியே வந்துவிட்டாள். அம்மா உரித்த மீன்களில் பாதிக்கு அவளைவிட எடை அதிகம்.

இப்போது அதே தொழிற்சாலை சேலாவை உட்காரவைப்பதில் அப்படியொரு அக்கறை காட்டியது.

ஆலைக்குள் இருந்த குழந்தைகள் காப்பகத்துக்கு நுரை ரப்பரில் வார்த்த நாற்காலிகள் வந்திருந்தன. இரண்டு ஓட்டைகளில் இரண்டு கால்களை நுழைத்துவிட்டால் நுரை இடுப்பைக் கவ்விக்கொள்ளும். அரைத்தூக்கத்தில் இருக்கும் குழந்தைகூட, விழாவுக்குத் தலைமை தாங்க வந்தவரைப்போல விறைப்பாக உட்கார்ந்திருக்கும். தருவித்தவர் தொழிலாளர் நல மேலாளர் விட்கம். ‘வினாகா’ என்ற ஒரே ஃபிஜி வார்த்தையை நன்றிக்கும் வணக்கத்துக்கும் மழைக்கும் மரணத்துக்கும் பயன்படுத்துகிறவர். காப்பகத்தின் பொறுப்பு மிலிகாவிடம். போன வருஷம்வரை அவளும் மீன் உரித்தவள்தான். இப்போது கையில் பவுடர் வாசனை, வாயில் எந்நேரமும் ‘என் நாற்காலிகள்’.

சனிக்கிழமை சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஷரீஃபா சேலாவைப் பாயில் உட்காரவைத்து, பிடித்திருந்த கையை மெல்ல எடுத்தாள். குழந்தை நனைந்த துணிபோல இடுப்பில் மடிந்தது. நெற்றி பாயைத் தொடும் முன்னால் நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

"எடை கம்மியாப் பொறந்த பிள்ளைங்களுக்கு முதுகும் வயிறும் மெதுவாத்தான் பலப்படும். அதுக்கு வேலை குடுக்கணும். நாற்காலியே பிடிச்சுக்கிட்டா இடுப்புக்கு என்ன வேலை? குப்புறப் போடு. பொம்மையைப் பக்கத்துல வச்சு எட்டிப் பிடிக்க விடு. தடுமாறட்டும். நீ கூட இரு."

"பகல் பூரா காப்பகத்துல நாற்காலியிலதான் வைக்கிறாங்க நர்ஸ்."

"அவங்ககிட்ட சொல்லேன். இந்த மாசங்க போனா திரும்பி வராது," என்றாள் நர்ஸ், சொன்னால் கேட்கிற இடத்தில் வேலை பார்ப்பவளைப்போல.

லித்தியானா சொன்னாள். மிலிகா கண்ணை அகல விரித்தாள்.

"தரையிலயா? என் நாற்காலிங்க கப்பல் ஏறி வந்ததுடி! உன் பொண்ணு நண்டு மாதிரி தரையில ஊரணுமா?"

"உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே விறைச்சு உக்காந்திருக்கறதுக்கு நண்டே மேல்."

இருவரும் சிரித்தார்கள். சிரித்தே ஆக வேண்டும். இருவரும் தௌவூ உறவு. இரண்டு ஊருக்கும் ஆதி தெய்வம் ஒன்று. தௌவூக்காரி என்ன திட்டினாலும் திட்டலாம், வீடு புகுந்து பானையோடு குழம்பைத் தூக்கிக்கொண்டு போகலாம். முகம் சுளித்தால் சுளித்தவளுக்குத்தான் அவமானம். ஆனால் அன்றைக்கு லித்தியானாவின் சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது. சேலா நாற்காலிக்குள் இருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆலையின் ஆண்டு விழா வந்தது. தலைநகரிலிருந்து வந்த பெரிய அதிகாரிக்கு மாலை போட்டு யங்கோனா வேர்ப்பானம் கொடுத்தார்கள். பந்தலில் விரித்த பாய்மேல் நாற்காலிகள் வரிசையாக இருந்தன; குழந்தைகள் அவற்றுக்குள் செருகப்பட்டிருந்தன. விட்கம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். எங்கள் பெண்களின் குழந்தைகள் நிமிர்ந்த தலைமுறை என்றார். எடை குறைந்து பிறந்தவர்களையும் நிமிர வைத்திருக்கிறோம் என்றார். ஏன் குறைந்தது என்பதற்குள் நேரமாகிவிட்டது. வினாகா என்றார்.

மிலிகா வரிசையைக் கைகாட்டி, "இதெல்லாம் என் நாற்காலிங்க ஐயா," என்றாள் அதிகாரியிடம்.

கூட்டத்திலிருந்து லித்தியானா எழுந்தாள்.

"ஏய் தௌவூ! யாரோட நாற்காலி?"

"என்னோடதுதான்டி. மீன் நாத்தம் கண்ணையும் மறைச்சிருச்சா?"

"உன்னோடதுன்னா என்னோடது!"

பந்தல் அதிர்ந்தது. ஆண்கள் தொடையைத் தட்டினார்கள். லித்தியானா சேலாவை நாற்காலியிலிருந்து உருவித் தோளில் சாய்த்துக்கொண்டு, நாற்காலியைத் தொப்பிபோலத் தலையில் கவிழ்த்தாள். மற்ற தாய்மார்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்ள, அடுத்த நாற்காலி, அதற்கடுத்தது. கூட மீன் உரிக்கும் உனாய்சி ஓடிவந்து தன் மகனைத் தூக்கிக்கொண்டு நாற்காலியை அவளிடம் வீசினாள். "எடுத்துக்கோ, உனக்குத்தான் பாத்தியதை!" மிலிகா சிரித்துக்கொண்டே நின்றாள். வேறு வழியில்லை.

தாய்மார்கள் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துக் கையை எடுத்தார்கள். ஒன்று முன்னால் மடிந்தது. ஒன்று இடப்பக்கம் சரிந்தது. தாய்மார்கள் பிடித்தார்கள், நிமிர்த்தினார்கள், மறுபடி விட்டார்கள். லித்தியானா சேலாவை அதிகாரியின் பூட்ஸுக்கு எதிரில் உட்காரவைத்தாள்.

"பாருங்க ஐயா, நிமிர்ந்த தலைமுறை."

சேலா மெதுவாக மடிந்து அவர் கால்மேல் எச்சில் ஒழுக்கினாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். இது ஏதோ பாரம்பரியக் கூத்து என்று நினைத்த விட்கம் கைதட்டி, "வினாகா! வினாகா!" என்றார். லித்தியானா பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அதிகாரியின் முகத்தை ஆசைதீரப் பார்த்தாள்.

திங்கட்கிழமை விசாரணை. கூத்து இல்லை என்று விட்கமுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். திருட்டு என்றார்.

"திருட்டு இல்ல சார். தௌவூ சொத்த எடுத்தேன். அவளோடதுன்னு எல்லார் முன்னாலயும் அவதானே சொன்னா?"

விட்கம் மிலிகாவைப் பார்த்தார். மிலிகா தரையைப் பார்த்தாள்.

"கம்பெனியோடது சார்."

"எனக்குக் காது கேக்கல தௌவூ."

"கம்பெனியோடது! என்னோடது இங்க ஒண்ணும் இல்ல. போதுமா?"

"போதும்," என்றாள் லித்தியானா. வேலை போனது. வாசல்வரை அவள் தலை குனியாமல் நடந்தாள். தெருவுக்கு வந்தபின்தான் நாளைக்கு என்ன சமைப்பது என்ற நினைப்பு வந்தது. நாற்காலிகள் காப்பகத்துக்கே திரும்பின. புதிதாக இடுப்பு வார் வைத்துத் தைத்திருந்தார்கள்.

அவள் ஆலை வாசலில் மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனும் விற்க ஆரம்பித்தாள். பக்கத்தில் பாய், பாயில் சேலா குப்புற. முதலில் அழுதாள். பிறகு தலையைத் தூக்கினாள். தேங்காய்ச் சிரட்டைக்காக உருண்டாள், எட்டினாள், விழுந்தாள், மறுபடி எட்டினாள். மழைக்காலம் முடியும்போது இரண்டு கையையும் முன்னால் ஊன்றி உட்கார்ந்தாள். பிறகு ஒரு கை. பிறகு இரண்டு கையிலும் சிரட்டை.

ஒரு மதியம் காவலாளி தயங்கித் தயங்கி வந்தான்.

"லித்தி, கோவிச்சுக்காத. இந்த இடமும் கம்பெனி நிலமாம். புதுசாக் கோடு போட்டிருக்காங்க. அதுக்கு அந்தப் பக்கம் போகச் சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

அவன் திரும்பி ஆலையைப் பார்த்தான். காப்பக ஜன்னலில் ஒரே உயரத்தில் வரிசையாகச் சின்னத் தலைகள், உனாய்சி மகனுடையதும். ஒன்றும் அசையவில்லை.

லித்தியானா சட்டியை நகர்த்தினாள். உட்கார்ந்திருந்த பிள்ளையைத் தூக்கவில்லை. பாயின் முனையைப் பிடித்து இழுத்தாள். சேலா பின்னால் சாய்ந்தாள், வலப்பக்கம் ஆடினாள். வயிறு இறுகியது, ஒரு கை காற்றில் துழாவியது, முதுகு நிமிர்ந்தது. பாய் வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. கோட்டைத் தாண்டிய பிறகும் லித்தியானா ஒருமுறை இழுத்தாள், இன்னும் பலமாக, ஜன்னலைப் பார்த்தபடி.