பம்பர்னிக்கலும் பக்கத்து வீட்டுக் குதிரையும்

லண்டன் கடைக்காரி மிஸ் ஹோல்ராய்ட் எங்கள் சோஸ்ட் ஊருக்கு வந்தபோது அடுப்பில் ரொட்டி இருந்தது. பம்பர்னிக்கல் என்னும் இந்த ரொட்டி ஒரு பகலும் ஓர் இரவும் மூடிய அடுப்பில் நீராவியிலேயே கிடக்க வேண்டும். கறுப்பும் இனிப்பும் அந்தக் காத்திருப்பில்தான் வரும். நடுவில் திறந்தால் தீர்ந்தது.

உள்ளூரில் வாங்குவோர் குறைந்துவிட்டார்கள். லண்டன் ஆர்டரும் கிடைக்காவிட்டால் ரொட்டிக்கடையை மூடிவிடலாம் என்று என் மனைவி ரைன்ஹில்டிடம் சொல்லியிருந்தேன்.

அந்த அம்மா ரொட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இங்கிலீஷிலும் இதே பெயர்தானாம்; அர்த்தம் யாருக்கும் தெரியாதாம்; உறையில் அச்சிட வேண்டுமாம். என் மைத்துனன் கிளெமென்ஸ் முந்திக்கொண்டான். ஒரு பிரெஞ்சுச் சிப்பாய் இதைக் கடித்துத் துப்பிவிட்டு, தன் குதிரை நிக்கலுக்குத்தான் இது லாயக்கு என்று அவன் பாஷையில் "போன் பூர் நிக்கல்" என்றானாம். அந்தப் பேச்சே பெயராகிவிட்டதாம். வருகிறவர்களுக்கெல்லாம் அவன் அவிழ்த்துவிடும் கதை. அந்தப் பட்டாளம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இந்தச் சொல் புழங்கியதை அவனுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

 நான் உண்மையைச் சொன்னேன். "எங்க ஊர்ப் பேச்சுல பம்பர்னா குசு. நிக்கல்னா குட்டிச்சாத்தான். தின்னா வயிறு ஊதும்னு எங்க ஆளுங்களே கிண்டலா வச்ச பேரு. அவ்வளவுதான் மேடம்."

அவருடைய பேனா நின்றது.

"நல்லா போயிட்டிருந்த வியாபாரத்துல அத்தான் குசு விட்டுட்டாரு" என்றான் கிளெமென்ஸ். சமாளிக்கிறேன் என்று, வாசனை காட்ட அவரை உள்ளே கூட்டிப்போனான். நான் பின்னால் ஓடுவதற்குள் அடுப்பின் கதவைத் திறந்துவிட்டான். ஆவி முழுக்க ஜன்னல் வழியே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் ரொட்டி வெளிறி, ஈரக் களிமண்போல் இருந்தது. அவர் ஒரு துண்டு வாயில் போட்டார்.

"இது நல்லா மெதுவா இருக்கே. இதே மாதிரி அனுப்புங்க. உறையில குதிரைப் படம் போட்டுக்கலாம்."

ஒரு நாள் பொறுத்தால் சரியான ரொட்டி தருகிறேன் என்றேன். அதை லண்டனிலேயே தின்றிருக்கிறாராம். அந்தக் கறுப்பு அங்கே விலைபோகாதாம். ரைன்ஹில்ட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேகாததை அனுப்ப மாட்டேன்" என்றேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ரொட்டிகளைக் கூடையில் அள்ளி, பக்கத்து வீட்டுக் குதிரைக்குக் கொண்டுபோனேன். நீட்ட நீட்டத் தின்றது. கிளெமென்ஸ் வேலியில் சாய்ந்து நின்றான்.

"என் கதை பொய்யின்னீங்களே அத்தான்."

 அன்று நான் மாவு பிசையவில்லை.