மூலையில் இருந்த நீலக் கொடி

பழைய தையல் சாமான் என்றால் எனக்குப் பித்து. கைப்பிடி தேய்ந்த கத்தரிக்கோல், மரத்தில் கடைந்த ஊசிக்குப்பி, தையற்காரர்கள் விரலில் மாட்டும் பித்தளை அங்குஸ்தான் என்று இரண்டு அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். எங்கள் சோபாவில் உட்காருமுன் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது என்று என் கணவர் விருந்தாளிகளிடம் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற தலைக்கனம் எனக்கு இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் சேகரிப்பை மூன்று நாள் காட்சிக்கு வைக்க நூலகத்தில் கேட்டார்கள். என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி, தன் அம்மா பூவேலை செய்த மேஜைவிரிப்பைத் தானாகவே கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பத்திரம் என்று மட்டும் சொன்னாள்.

ஒவ்வொரு பூவையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு மூலையில் மட்டும் தடித்த நீல நூலில் கோணல்மாணலாக ஒரு இலைக்கொடி. திருப்பிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் பின்பக்கமும் சுத்தம். இங்கே முடிச்சுக்கு மேல் முடிச்சு. வேலை தெரியாத யாரோ பிற்பாடு கைவைத்துக் கெடுத்திருக்கிறார்கள் என்று நானே தீர்மானித்துவிட்டேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்து, ஊசித் துளைகள் மூடிக்கொள்ள ஈரத்துணியால் நீவிவிட்டேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

காட்சியின் முதல் நாளே ஓரகத்தி வந்தாள். நேராக அந்த மேஜைக்குப் போய் மூலையைத் தடவினாள்.

"அக்கா, இங்க ஒரு கொடி இருந்துச்சே?"

துவைத்தபோது நூல் இற்று உதிர்ந்துவிட்டது என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

"அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துடுச்சுல்ல, அப்புறம் இடது கையால போட்டது. அஞ்சு இலைக்கு எட்டு மாசம் ஆச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பழைய நூலு, நீங்க என்னக்கா பண்ணுவீங்க. விடுங்க."

அந்தக் கை விழுந்தது எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தவள்தானே நான். அவள் என்னைத் தேற்றுகிறாள், நான் விரிப்பில் குத்தியிருந்த குண்டூசிகளைச் சரிசெய்துகொண்டு நிற்கிறேன். கூசிப் போனேன், ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து நூலகர் வந்தார். கெட்டுப்போன வேலையை நான் எவ்வளவு பொறுமையாகப் பிரித்து எடுத்தேன் என்று அவளிடமே புகழ்ந்தார். அவர் மேல் தப்பில்லை. முந்தின நாள் நான் அளந்ததைத்தான் அவர் திருப்பிச் சொன்னார்.

சொல்லிவிட்டு அவர் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, விரிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"பிரிச்ச நூலையாவது வச்சிருக்கீங்களாக்கா?"

சுற்றிலும் கண்ணாடிப் பெட்டிகளில், முனை உடைந்த ஊசிக்குக்கூட நான் சீட்டு எழுதி வைத்திருந்தேன். குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.