கண்ணாஸ்பத்திரியில் காணாமல் போனவர்கள்

மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், நாற்காலியில் அப்பாவைக் காணோம். சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் திறக்காமல் இருக்கச் சொல்லி நர்ஸ் உட்காரவைத்த மனிதர். திறந்தாலும் எதிரே இருப்பது ஆளா தூணா என்று தெரியாது. அவர் செல்போன் வேறு மகளின் பையில். வாசலைத் தாண்டினால் பெரிய சாலை, லாரிகள் நிற்காமல் போகிற சாலை. அவள் பதறிப்போய் விசாரணை மேசைக்கு ஓடினாள்.

இத்தனைக்கும் அவள் லேசுப்பட்டவள் இல்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஐம்பது வயது, குள்ளம், நல்ல பருமன், அதற்கு மேல் ஒரு குரல். அவள் "பிரேக்" என்று கத்தினால் பக்கத்துத் தெரு வண்டியும் நின்றுவிடும் என்று கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு இன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விசாரணை மேசைப் பெண் அடையாளம் கேட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டில் அவருக்குப் பெயரே நெட்டைதான். பரணில் இருப்பதை எடுக்க, பல்பு மாட்ட, எதற்கும் நெட்டையைக் கூப்பிடு என்பாள் அம்மா.

"நல்ல உயரங்க. வாட்டசாட்டமா இருப்பார். எந்தக் கூட்டத்துலயும் தனியாத் தெரிவார்."

ஒலிபெருக்கி அதை அப்படியே சொன்னது. காவலாளிகள் உயரமான ஆட்களை எல்லாம் நிறுத்தி விசாரித்தார்கள். அவளும் தலைகளுக்கு மேலே பார்த்துக்கொண்டே மாடி மாடியாக ஏறி இறங்கினாள். ஒரு நெட்டையும் அவளுடைய நெட்டை இல்லை.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி இன்னொன்று சொன்னது. ஒல்லியான, பயந்த சுபாவமுள்ள பெண் குழந்தையைக் காணவில்லை, கூட்டத்தைக் கண்டால் அழும், பார்த்தவர்கள் குழந்தைகள் பிரிவுக்கு அழைத்து வரவும். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையைக்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மங்கள் என்று மனதுக்குள் திட்டினாள். திட்டினாலும் மனசு கேட்கவில்லை. பாவம், அது எந்த மூலையில் நிற்கிறதோ என்று, போகிற வழியெல்லாம் குனிந்து இடுப்புயரத்தில் தேடிக்கொண்டே போனாள்.

குழந்தைகள் பிரிவில், பெஞ்சு ஒன்றில் ஒரு சின்ன உருவம் தெரிந்தது. வற்றிய தோள், தரையில் கால் எட்டியும் எட்டாமலும் ஒரு கிழவர். ஏற்கெனவே இரண்டு முறை அவரைத் தாண்டிப் போயிருக்கிறாள். இப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். அப்பா இவ்வளவுதானா? எழுந்து நின்றாலும் அவள் தோளுக்கு மேல் அரைச் சாண் இருந்தால் அதிகம்.

"அப்பா."

அவர் குரல் வந்த திசையில் கையை நீட்டித் துழாவினார். "எங்கம்மா போயிட்ட? கூப்பிட்டேன், சத்தமே இல்ல. பயந்துபோய் எங்கயாவது நின்னு அழுவியேன்னு தேடி வந்தேன்."

எத்தனையோ வருஷமாக யார் முன்னாலும் அழாதவள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

காவலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். "குழந்தை கெடச்சுடுச்சா, ஐயா?"

"கெடச்சுட்டாப்பா."

காவலாளி பெஞ்சுக்கு அடியில் குனிந்தார், அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்.

"நான்தாங்க."