கருப்பின் மேல் கருப்பு

எங்கள் ஆபீசில் நான் அண்ணன் என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவருக்கு உரையாசிரியர் என்று பெயர். ஒரு வரி கம்ப்யூட்டர் நிரல் எழுதினால் அதற்கு மூன்று வரி விளக்கம் எழுதுவார். விளக்கத்துக்குள்ளேயே என்னை வம்புக்கும் இழுப்பார்: 'தங்கச்சி, இதைப் பார்த்ததும் உனக்குக் கோபம் வரும், தெரியும்.' வரத்தான் செய்யும். கோபத்தை மூக்கு நுனியிலேயே வைத்திருக்கிறேன் என்று என் கணவரும் சொல்வதுண்டு.

ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. நிரல் ஒரு மொழியில் இருக்கும். விவரங்களைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி வேறொரு மொழியில், அந்த நிரலின் நடுவே மேற்கோள் குறிகளுக்குள் உட்கார்ந்திருக்கும். நிரல் எழுதப் பயன்படும் எடிட்டர் மென்பொருளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது; கேள்வி முழுவதையும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் காட்டும். அதில் ஒரு பிழையைத் தேடுவதற்குள் கண் பூத்துப்போகும். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, உள்ளே இருக்கும் கேள்வியை மட்டும் பிரித்து நிறம் பூசும் விதிகளை என் எடிட்டருக்கு எழுதினேன். கட்டளைச் சொற்களுக்கு நீலம், அட்டவணைப் பெயர்களுக்கு மஞ்சள். கேள்விக்குள் வரும் விளக்கக் குறிப்புகளுக்கு என்ன நிறம் என்று யோசித்தபோது அவருடைய வளவளப்பு ஞாபகம் வந்தது. திரையின் பின்னணிக் கருப்பு நிறத்தையே கொடுத்துவிட்டேன். அண்ணனின் வாயை அடைத்தாயிற்று என்று தனியாகச் சிரித்தேன். பிறகு அதை அடியோடு மறந்துபோனேன்.

இரண்டு வருடம் கழித்து அவருக்குத் தலையில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். பேச்சு, நடை, கிண்டல் எல்லாம் பழையபடியே. ஆனால் சாவியை ஒரு நிமிடம் தேட நேர்ந்தால்கூட முகம் வெளிறிவிடும். "எனக்கு ஏதாச்சும் மறந்துபோனா மறைக்காம சொல்லிடு தங்கச்சி" என்பார்.

அந்தச் சமயத்தில்தான், பரிசோதனை முடிவுகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் அவருடைய பழைய கேள்வி மெதுவாக ஓடுகிறது என்று என்னிடம் வந்தது. ஒரே போன் நம்பரை இரண்டு பேர் கொடுத்திருந்தால் முடிவை அனுப்பாதே என்று அதில் ஒரு நிபந்தனை. அதுதான் வேகத்தைக் கெடுத்தது. ஏன் அப்படி என்று எங்கும் சொல்லவில்லை. மேலே மூன்று வெற்று வரிகள் மட்டும் இருந்தன. வெற்று வரியிலும் இந்த மனுஷனுக்குத் தாராளம் என்று முணுமுணுத்துக்கொண்டு, அவற்றோடு சேர்த்து நிபந்தனையையும் அழித்தேன். குடும்பத்துக்கே ஒரு போன் என்றால் யார் பார்த்தால் என்ன?

அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பெண் செய்துகொண்ட பரிசோதனையின் முடிவு, மறுநாள் அம்மாவின் கையிலிருந்த போனுக்குப் போனது. அந்தப் பெண் பரிசோதனைக் கூடத்துக்கே வந்து அழுததை மேலாளர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"அந்த நிபந்தனையை ஏன் எடுத்தீங்க?"

"காரணம் எழுதாம வெச்சிருந்தா யாருக்கு சார் தெரியும்? எழுதணும்கிறதுதானே நம்ம ஆபீஸ் விதி" என்றேன்.

"எழுதியிருந்தேனே. உனக்குன்னுதான் எழுதினேன் தங்கச்சி" என்றார் அவர்.

என் லேப்டாப்பைப் பெரிய திரையில் இணைத்து, நான் கை வைப்பதற்கு முந்தைய பிரதியைத் திறந்தேன். மூவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். மூன்று வெற்று வரிகள்.

"எங்கண்ணே இருக்கு?"

அவர் தலையிலிருந்த தழும்பைத் தடவினார். "எழுதினது அப்படியே கண்ணுல நிக்குது. அப்போ எனக்குத்தான்..." நான் தப்பித்தேன் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டார்.

எட்டு மாதம் கழித்து எனக்குப் புது லேப்டாப் கொடுத்தார்கள். என் நிற விதிகளை அதில் இன்னும் ஏற்றவில்லை. வேறெதற்கோ அந்தப் பழைய பிரதியைத் திறந்தேன். வெற்று வரிகள் இருந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் எழுத்து இருந்தது.

'ஒரே போனை அம்மாவும் மகளும் வைத்திருப்பார்கள்.
ஒருவர் முடிவு மற்றவர் கண்ணில் படக் கூடாது.
தங்கச்சி, திட்டிக்கொண்டே இதை அழித்துவிடாதே.'

மறந்தது அவரில்லை. நான்.

அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு அன்று மதியமே அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தாள். சமையலறை அலமாரிகளில் அவர் கையெழுத்தில் சீட்டுகள் ஒட்டியிருந்தன: உப்பு, சர்க்கரை, அடுப்பை அணைத்தாயா? தனக்குத்தானே உரை எழுதிக்கொண்டிருந்தார்.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் தாளை இரண்டு முறை படித்தார். "அப்போ என் ஞாபகம் சரிதான்" என்றார். கோபமே இல்லை. அது இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னைக்கு உங்க கம்ப்யூட்டர்ல ஒரு தடவை பாத்திருக்கலாமே அண்ணே."

"பயமா இருந்துச்சு. அங்கயும் இல்லைன்னா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். "எட்டு மாசமா பேத்தியை இவர்கிட்டத் தனியா விடறதில்ல. அவரே வேண்டாம்னுட்டார். நீ ஒரு தடவை வேற மிஷின்ல பாத்திருக்கக் கூடாதா?"

மன்னிப்புக் கேட்டேன்.

அவர் எழுந்து போய் மகளுக்குப் போன் போட்டார். அத்தனை உற்சாகத்தை அவர் குரலில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! "ஞாயித்துக்கிழமை குட்டியைக் கொண்டுவந்து விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் வெளிய போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் ஞாபகம் இருக்கு."

மறுமுனையில் மகள் தயங்கித் தயங்கிச் சொன்னது எனக்கும் கேட்டது.

"சரிப்பா. போனை அம்மாகிட்டக் குடுங்க."