விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

பசை காய்வதற்குள் அக்கா வந்துவிட்டாள். மார்க்கரை மூடக்கூட நேரமில்லை, அப்படியே சீருடைப் பைக்குள் திணித்தேன். இப்போது பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். ராத்திரி மணி ஒன்றே கால். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் முழுசாகப் படி.

அக்கா இன்ஜினியராக வேலை பார்க்கும் மனை உனக்குத் தெரியும். கடைவீதி நடுவில் பதினோரு வருடம் காலியாகக் கிடந்ததே, அதுதான். பழைய கட்டடத்தில் தெருவைப் பார்த்த சுவர் மட்டும் மிச்சம். அதை இடிக்காமல் பின்னால் எட்டு மாடி எழுப்புகிறார்கள். சுவர் சாயாமலிருக்க இரும்பு முட்டு கொடுத்திருக்கிறது. மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசல். அதன் குறுக்கே அக்கா மெல்லிய கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டித் தேதி எழுதியிருந்தாள். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் அது உடைந்துவிடும். முழுசாக இருந்தால் சுவர் அசையவில்லை, முட்டுகளைக் கழட்டலாம் என்று அர்த்தம்.

பள்ளி விட்டதும் அங்கே போய் அவளோடு வீடு திரும்புவேன். சுவர்ப் பக்கம் போகாதே என்று நூறு தடவை சொல்லியிருக்கிறாள். இன்று நல்ல வெயில். நிழல் அங்கே மட்டும்தான், உட்கார்ந்துவிட்டேன். எழுந்து பையை மாட்டத் திரும்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பார்த்தால் சில்லு இரண்டு துண்டு.

ஸ்கேலால் துண்டுகளைப் பெயர்த்து, கிளம்பிக்கொண்டிருந்த இடிபாட்டு லாரியில் அவற்றைச் சரியாகப் பார்க்காமலே வீசினேன். அக்கா மேஜையில் அதே மாதிரி சில்லு ஒரு பாக்கெட்டும் பசையும் மார்க்கரும் இருந்தன. ஒன்றை எடுத்து ஒட்டினேன். அவளைப் போலவே ஏழுக்கு நடுவில் கோடு போட்டு, அதே பழைய தேதியை எழுதினேன்.

அப்போதுதான் அவள் மேஸ்திரியோடு வந்தாள். சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் தொங்கவிடுவார்களே, அந்தத் தூக்குக்குண்டுதான் அவருக்குப் பட்டப்பெயர். ஆடாமல் நிற்கத் தெரியாது.

"என்ன பாப்பா, காவலா? சுவர் என்ன ஓடியா போயிடும்?"

அக்கா குனிந்து பார்த்தாள். "முழுசாத்தான் இருக்கு."

"நான்தான் சொன்னேனே மேடம். நம்ம சுவர்க் கிழவிக்கு இடுப்பு இன்னும் வளையல."

"முதல்ல உங்க இடுப்பைப் பாருங்க. காலைல ஆறு மணிக்கு இந்தப் பக்க முட்டுகளைக் கழட்டிடலாம்."

"நானே கீழ நின்னு கழட்டுறேன்."

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சுடலையே. பரீட்சைல கோட்டை விட்டுட்டியா?" படுத்தால், கண்ணை மூடும்போதெல்லாம் சுவருக்கு அடியில் அந்த மனுஷன் ஆடிக்கொண்டு நிற்கிறார். பன்னிரண்டரைக்கு அக்காவை எழுப்பிச் சொல்லிவிட்டேன்.

அவள் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். முதலில் மேஸ்திரிக்குப் போன் போட்டாள். "முட்டுல யாரும் கை வைக்கக் கூடாது. உள்ளேயே போகாதீங்க."

"ஏன் மேடம், கிழவிக்குப் பல்லு விழுந்துருச்சா?" என்று தூக்கக் கலக்கத்தில் அவர் கேட்டது எனக்கே கேட்டது. அக்கா போனை வைத்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். "உன் பை பட்டு உடைஞ்சதுன்னா ஒண்ணுமில்ல. சுவர் நகர்ந்து முன்னாடியே உடைஞ்சிருந்தா? காலைல அஞ்சு மணிக்கு அதை ஒட்டித்தான் முதல் பஸ் போகும். நான் இப்பவே போய் விரிசலை அளக்கணும்."

"நீ அதுக்குக் கிட்ட போகாதக்கா."

"கிட்ட போகாம எப்படிடி அளக்கறது?"

பை பட்ட பிறகு சத்தம் வந்ததா, சத்தம் கேட்டு நான் திரும்பினேனா? ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது. அழுகை வந்து இங்கே ஓடி வந்துவிட்டேன்.

வெளியே செருப்புச் சத்தம். அக்கா கதவைத் தட்டுகிறாள். மெதுவாகத்தான் கேட்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுடி. அந்தத் துண்டை எடுத்தப்போ, உடைஞ்ச விளிம்புல தூசி படிஞ்சிருந்துச்சா, புதுசா பளபளன்னு இருந்துச்சா?"