பலகையில் ஒருவர், தரையில் ஒருவர்

ஓர் ஊருக்கு முதன்முதலாக வந்த தமிழன் என்ற பெயருக்கு விலை ஐந்நூறு குரோனர். 2009 ஒக்டோபர் மாற்று விகிதத்தில் ஐம்பத்துநான்கு பவுண்.

விலையைச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தது, நோர்வேயின் வட முனையிலுள்ள மீன்பிடி ஊர் ஒன்றின் நூதனசாலை. லண்டன் மனோர் பார்க்கிலுள்ள என் கடையில், அரிசி மூட்டைமேல் அமர்ந்து, தகப்பன் ஆனந்தராஜாவுக்கு வந்த அதை மகள் மேனுஷா தமிழில் சொன்னாள். அவள் பிறந்தது அந்த ஊரில்தான்.

அங்கே முதலில் கலைமான்களோடு சாமி என்ற பழங்குடி மக்கள் இருந்தார்களாம். பிறகு மீனைத் தேடி நோர்வேக்காரர். மாவைக் கொடுத்து மீனை வாங்க ரஷ்யர். வியாபாரம் தெரிந்த ஆட்கள். பஞ்சத்துக்குத் தப்பிப் பின்லாந்துக்காரர். கடைசியாக, எண்பத்தாறில், மீன் தொழிற்சாலைக்கு எங்கள் ஆட்கள். நூதனசாலையில் அவரவருக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. எங்களுடையது மட்டும் காலி. முதல் தமிழனின் பெயரும் மீன் வெட்டிய கத்தியும் வேண்டுமாம்.

"அது நான்தான்!" பக்கத்தில் இருந்த ஆனந்தராஜா துள்ளி எழுந்தார்.

"என்ன கதை விடுறாய்?" பருப்பு வாங்க வந்த நவரத்தினம் பையைக் கீழே போட்டார். இருவரும் ஒரே கப்பலில் போய், பதின்மூன்று வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவர்கள். "கப்பல் பலகையிலை முதல் கால் வைச்சது நான். நீ பின்னாலை நிண்டு நடுங்கினனீ."

"ஓம் அண்ணை, பலகையிலை நீங்கள். தரையிலை ஆர்?"

அன்று கப்பலிலிருந்து இறங்கும் பலகை முழுக்க ஐஸ். பின்னால் நின்ற ஆனந்தராஜா வழுக்கி, முன்னால் நின்றவரைத் தாண்டிச் சறுக்கி, மல்லாக்க ஊருக்குள் நுழைந்திருந்தார்.

"அது நீ வந்ததே? உன்ரை பின்பக்கம் எல்லோ வந்தது!"

"ஏன், என்ரை பின்பக்கம் தமிழ் இல்லையோ?"

மேனுஷா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனந்தராஜா சிரிக்கவில்லை. "அண்ணை, லண்டனிலை நான் ஆர்? விடியவும் கிளீனிங், பின்னேரமும் கிளீனிங். அங்கையாவது கண்ணாடிக்குள்ளை என்ரை பேர் இருக்கட்டும்."

"பேர் இருக்கட்டும். கத்தி எங்கை?"

ஆனந்தராஜா தன் கத்தியை வேலை விட்ட அன்றே கடலில் எறிந்திருந்தார். நவரத்தினத்தின் கத்தியோ இன்றும் அவர் வீட்டில் ஆட்டிறைச்சி வெட்டுகிறது.

எனக்குக் கை துருதுருத்தது. ஒருவரிடம் பெயர், மற்றவரிடம் பொருள், நடுவில் நான்! இப்படி ஒரு சந்தை எனக்கு இனி எப்போது கூடும்?

"அண்ணை, கத்திக்கு விலை சொல்லுங்கோ."

"இருநூறு பவுண்."

"அவையே தாறது ஐம்பத்துநாலு!"

"அப்ப நூற்றைம்பது."

"ஐம்பத்துநாலும், இந்தப் பருப்பும்."

நவரத்தினம் ஆனந்தராஜாவின் முகத்தைப் பார்த்தார். "காசைப் பிள்ளை வைச்சிருக்கட்டும். பெட்டியிலை எழுதிறதை நான் சொல்லுவன். எழுது மேனுஷா: இந்த ஊரிலை முதல் விழுந்த தமிழன், ஆனந்தராஜா. தூக்கிவிட்டவன், நவரத்தினம். கத்தி அவன்ரை."

"எங்கை தூக்கினீங்கள்? சிரிச்சுக்கொண்டு எல்லோ நிண்டனீங்கள்!"

"சிரிச்சுப்போட்டுத் தூக்கினனான்."

ஆனந்தராஜா அவரைக் கட்டிப்பிடித்ததில் பப்படத் தட்டு சரிந்தது.

கணக்கு இதுதான். மேனுஷாவுக்கு ஐம்பத்துநான்கு பவுண். இருவருக்கும் ஆளுக்கொரு பெயர். கத்தி அனுப்பிய தபால் செலவு ஒன்பது பவுண், என் கையால். நொறுங்கிய பப்படம் ஆறு பாக்கெட். தரகு: பெயரில் பத்து வீதம் எப்படி எடுப்பதென்று தெரியாததால், பூச்சியம். நவரத்தினம் கொண்டுபோன பருப்பு இரண்டு கிலோ, நான்கு பவுண். அந்தக் காசு இன்னும் வரவில்லை.