பேன் பாடம்

அறிவியல் டீச்சர் சொன்னதை எட்டாம் வகுப்பு முதலில் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் என்ன படிப்பது என்பதை இனி அவர்களே முடிவு செய்யலாம். அது புத்தகத்தில் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. அவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதை அவர் தயார் செய்துகொண்டு வந்து நடத்துவார்.

"பரீட்சைக்கு வருமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வராது."

"அப்போ எதுக்கு டீச்சர்?"

வருஷா வருஷம் அதே பாடங்களை அதே வரிசையில் நடத்தி, பிள்ளைகளின் கண்கள் ஜன்னலுக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து டீச்சருக்கே அலுத்துவிட்டிருந்தது. அதை வகுப்பில் சொல்லவா முடியும்?

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து ரேடியோ எழுந்தான். ஓயாமல் பேசுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். முகத்தை மிகவும் பணிவாக வைத்துக்கொண்டு, "பேனைப் பத்திப் படிக்கலாம் டீச்சர்" என்றான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எல்லாத் தலைகளும் சுவரோரத்து பெஞ்சுப் பக்கம் திரும்பின. அங்கே ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். அண்மைக் காலம் வரை அவளுக்கு 'சடை' என்று பெயர். இடுப்பைத் தாண்டித் தொங்கிய பின்னலால் வந்தது. அவள் அம்மா வேலைக்காக வெளிநாடு போன பிறகு தலைவாரிவிட ஆளில்லாமல் போனது. அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. பேன் மண்டிப்போய், மருந்து போட்டும் அடங்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சவர மெஷினை எடுத்து மொத்தமாக வழித்துவிட்டார். மறுநாளிலிருந்து அவள் 'மொட்டை'. ஒட்டிப் பிறந்தவள் போல ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த கூட்டாளியும் அன்றைக்கே முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள். "அம்மா சொல்லிட்டாங்க" என்பதற்கு மேல் அவள் காரணம் சொல்லவில்லை.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவலை நாமே அள்ளிக் கொடுத்துவிட்டோமே என்று டீச்சருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. ரேடியோவை உட்காரச் சொல்லி அதட்ட வாயெடுத்தார். அதற்குள் சடை எழுந்து நின்றாள்.

"சரி டீச்சர், பேனே படிக்கலாம். எனக்கு அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியணும்."

சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. வேண்டும் என்கிறவர்களைக் கைதூக்கச் சொன்னபோது ரேடியோவின் கைகூடத் தயங்கித்தான் உயர்ந்தது.

அந்த வாரம் முழுக்க டீச்சர் பேனும் கையுமாகவே இருந்தார். நூலகத்தில் தேடினார். சுகாதார நிலையத்து நர்ஸைப் பிடித்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். சாப்பிடும்போது அதைப் பற்றியே பேசியதில் அவர் கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்திலிருந்து நுண்ணோக்கி வந்து மேசையில் உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு பேன் சீப்பும் வெள்ளைத் தாள்களும் இருந்தன.

"பார்க்கிறதுக்குப் பேன் வேணுமே டீச்சர்?" என்றான் ரேடியோ. பழக்கதோஷத்தில் கண் சுவரோரம் போனது.

சடை தலையைத் தடவிக்கொண்டாள். "என்கிட்ட இப்ப ஒண்ணுமில்ல. இருக்கிறவங்கதான் தரணும்."

ஒருவரும் அசையவில்லை. சொறியக் கை போனவர்கள்கூடப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"சரி, சீப்பை எப்படிப் பிடிக்கிறதுன்னு முதல்ல காட்டுறேன்" என்று டீச்சர் தன் கொண்டையை அவிழ்த்தார். மேசைமேல் குனிந்து, பிடரியிலிருந்து முன்னோக்கி ஒரு முறை அழுத்தி வாரினார். "வேர்க்காலை ஒட்டி வரணும். மேலாக வாரினா சிக்குதான் போகும்."

தாளில் ஏதோ விழுந்தது. விழுந்தது நடந்தது.

டீச்சருக்குக் காது மடல் வரை சூடேறியது. பொடுகு என்று நினைத்துத்தான் ஒரு மாதமாக அவர் சொறிந்துகொண்டிருந்தார். தாளை மடித்துக் குப்பையில் போட ஒரு கணம் கை துடித்தது. பிறகு மெல்ல அதைக் கண்ணாடித் துண்டுக்கு மாற்றி நுண்ணோக்கியின் அடியில் வைத்தார்.

"நல்லவேளை, மாதிரி கிடைச்சிடுச்சு" என்றார். "வரிசையா வந்து பாருங்க."

அதற்குப் பிறகு வந்த சிரிப்பில் யாரும் தனியாக இல்லை. சடையும் சிரித்தாள். முதலில் பார்க்க அவளைத்தான் டீச்சர் கூப்பிட்டார். ஆறு கால்களையும், ஒவ்வொன்றின் நுனியிலும் முடியைக் கவ்விப் பிடிக்கும் கொக்கியையும் அவள் நெடுநேரம் பார்த்தாள். "இதால பறக்க முடியாதா டீச்சர்?"

"பறக்காது, குதிக்காது. தலையும் தலையும் ஒட்டினாத்தான் அடுத்த தலைக்குப் போகும். அழுக்குத் தலை, சுத்தமான தலைன்னு அதுக்குப் பேதமே கிடையாது."

முன் பெஞ்சில் கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டாள்.

விஷயம் பல வீடுகளுக்குப் போனது. கூட்டாளியின் அம்மா நேராகத் தலைமையாசிரியரிடம் வந்தார். கணக்கும் மொழியும் சொல்லித்தர வேண்டிய இடத்தில் அருவருப்பைச் சொல்லித்தருகிறார்கள் என்பது அவர் புகார். தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கிட்டீங்களே டீச்சர்."

"பிள்ளைங்க கேட்டாங்க சார். கேளுங்கன்னு சொன்னதே நான்தான்."

அவர் தன் வழுக்கையைத் தடவினார். "எனக்கு அந்தக் கவலை இல்ல. ஆனா அடுத்த தடவை புகார் வர்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று முடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்குமுன் கூட்டாளி மேசைக்கு வந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை வைத்தாள்.

"என் தலையில இருந்துச்சு டீச்சர். பாத்ரூம்ல கதவைச் சாத்திட்டு வாரினேன்." எல்லோருக்கும் கேட்கும்படியே பேசினாள். "அவகிட்டேருந்து எனக்கு வந்துச்சா, என்கிட்டேருந்து அவளுக்குப் போச்சான்னு தெரியல."

"அதைக் கண்டுபிடிக்க முடியுமா டீச்சர்?" என்றான் ரேடியோ. இந்தத் தடவை கேலி இல்லை.

"முடியாது."

கூட்டாளி பையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனாள். சடை உடனே நகர்ந்து இடம்விடவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கம்மா?"

"திட்டுவாங்க."

சடை இன்னும் கொஞ்சம் யோசித்தாள். அப்புறம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில் சடையின் அப்பா வாசலில் நின்றிருந்தார். சட்டையில் டீசல் வாடை அடித்தது.

"டீச்சர், பேன் அழுக்கால வர்றதில்லன்னு பாப்பா சொல்றா. நிஜமா?"

"நிஜம்தான்."

"நான் பிள்ளையைச் சுத்தமா வச்சுக்கலன்னுதான்…" அவர் வேறு பக்கம் பார்த்தார். "அவங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல. போன்ல முகம் காட்டும்போது துண்டைக் கட்டிக்கோன்னு சொல்லி வச்சிருக்கேன். அவளும் கட்டிக்கிறா."

"சொல்லிடுங்க. உங்க மேல தப்பில்ல. ஈரத் தலையில எண்ணெய் தடவி, பொறுமையா நாலு நாளைக்கு ஒரு தடவை வாரினாப் போதும். தெரிஞ்சிருந்தா நீங்களும் அதைத்தான் செஞ்சிருப்பீங்க."

அவர் தலையாட்டினார். கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றே துண்டில்லாமல் போனுக்கு முன் உட்கார்ந்ததாகவும், அம்மா முதலில் அழுது, பிறகு அப்பாவை ஒரு பாட்டம் திட்டி, கடைசியில் 'காது ரெண்டும் என்னை மாதிரியே இருக்கு' என்று சிரித்ததாகவும் மறுநாள் சடையே வந்து டீச்சரிடம் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை என்ன படிப்பது என்று டீச்சர் கேட்டதும் வகுப்பு சந்தைக்கடை ஆனது. ரேடியோவுக்கு எரிமலை வேண்டும். கூட்டாளிக்கு விக்கல் எதனால் வருகிறது என்று தெரிய வேண்டும். மனிதர்கள் தூக்கத்தில் ஏன் பேசுகிறார்கள் என்பதைத்தான் படிக்க வேண்டும் என்று சடை ஒற்றைக்காலில் நின்றாள்.

"எரிமலையை நேர்ல பார்க்கவா போற? விக்கல் தினமும் வருது" என்றாள் கூட்டாளி.

"பார்க்க முடியாததைத்தானே படிக்கணும்" என்றான் ரேடியோ.

"எங்கப்பா தூக்கத்துல லாரி ஓட்டுறாரு. பிரேக் போடுறாரு" என்றாள் சடை. "அதுக்கு என்ன சொல்றீங்க?"

மணி அடிக்கும்வரை முடிவு வரவில்லை. டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவைகூட அவர் குறுக்கிடவில்லை.